ஐந்தோவனிலிருந்து கொட்டிவாக்கத்தில் கூழ் ஊற்றியது

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள். நான்காவது, என் கொழுந்தனாருடைய மகன், தாயில்லாமல் என் மடிக்கு வந்தவன். நான்கு பேரிலும் அதிகம் சாப்பிட்டது அவன்தான். பெயர் ஏகாம்பரம். இதில் அவன் நிறைய வருவான் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கொட்டிவாக்கம் குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, கூடையைத் தலையில் வைத்து அடையாறு, மயிலாப்பூர் என்று தெருத்தெருவாக மீன் விற்றவள் நான். இரண்டு வருடமாக நெதர்லாந்து தேசத்தில், ஐந்தோவன் என்ற ஊரில், கடைசி மகள் செல்வி வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து பெரிதாக வரும். வரி மேட்டில் ஏறும். ஒற்றுப் பிழைகளைச் செல்வி திருத்திக் கொடுத்தாள். கருத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது, அதைத் திருத்த யாரையும் விடவில்லை.

இந்த வீட்டில் எனக்கு முதலில் புரியாமல் போனது ஆபீஸ்தான். நம்மூரில் ஆபீசுக்கு ஆள் போகும். இங்கே ஆபீஸ் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது. செல்வி மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே பூப்போட்ட நைட் பேன்ட்டுமாக லேப்டாப்பின் முன்னால் உட்காருவாள். கட்டம் கட்டமாக முகங்கள் முளைக்கும். ஒருவன் போலந்தில், ஒருத்தி பிரேசிலில், மற்றவர்கள் நம்ம தரமணியில். இவள் பல் விளக்கி முடிக்கும்போது தரமணியில் மதியச் சாப்பாடு. பிரேசில்காரி கொட்டாவி விட்டபடி காபி குடிப்பாள். இத்தனை பேரும் ஒரே வேலையைச் செய்கிறார்களாம், ஒருவரை ஒருவர் தொட்டதே கிடையாதாம். நான் வந்த புதிதில் தோசையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன். எல்லா முகமும் என்னைப் பார்த்தது.

“அம்மா! கேமரா ஆன்ல இருக்கு!” என்றாள் செல்வி.

“இருந்துட்டுப் போவுது. நான் இன்னா திருட்டு தோசையா எடுத்தாந்தேன்?”

தரமணிக் கட்டங்கள் எல்லாம் சிரித்தன. போலந்துக்காரன் சிரிக்கவில்லை. தோசையையே பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

பிறகு ஒரு சமயம் செல்விக்கு அதே திரையில் இரண்டு நாள் வகுப்பு நடந்தது. கண்ணில் படாத ஆட்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒருவருக்கு என்ன குணங்கள் வேண்டும் என்பதுதான் பாடம். பொறுமையாகக் கேட்க வேண்டும், சொல்வதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், நம்பி விட வேண்டும், இப்படிப் போனது. முடிந்ததும் சர்டிபிகேட் வந்தது. அதை ஃபிரிட்ஜின் மேல் காந்தம் வைத்து ஒட்டினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எங்கள் ஆட்கள் கட்டுமரத்தில் போன காலத்தில் கரையிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளிதான் தெரியும். வலை கனத்துவிட்டால் துடுப்பின் நுனியில் துண்டைக் கட்டித் தூக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து நாங்கள் கூடையோடு ஓடி நிற்போம். துண்டு ஆடுகிற விதத்திலிருந்தே என் வீட்டுக்காரர் சந்தோஷமாக வருகிறாரா, யாரோடோ சண்டை போட்டுவிட்டு வருகிறாரா என்று சொல்லிவிடுவேன். எனக்கு யாரும் சர்டிபிகேட் தரவில்லை. செல்வியிடம் இதைச் சொன்னேன். அவள், “அம்மா, அப்பாவும் நீயும் சேர்ந்து எந்த வேலையாவது சண்டையில்லாம செஞ்சீங்களா?” என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

சிரித்தவளுக்கு இந்த ஆடியில் வந்து விடிந்தது.

எங்கள் தெரு அம்மனுக்கு ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவோம். என் மாமியார் காலத்திலிருந்து அந்த அண்டா எங்கள் வீட்டுப் பெண்களின் கையில். குளித்து, ஈரப் புடவையோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றி நிற்க, நான் சொல்லச் சொல்ல வேலை நடக்கும். மற்ற நாளில் அவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. தேசம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். என்னோடு கூடை சுமந்தவள், புருஷன் போனபின் எந்த நல்ல காரியத்திலும் பின்வரிசைதான். ஆனால் கூழ் ஊற்றுகிற அன்று, தெருவில் முதல் குரல் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். போன ஆடிக்கு நான் விமானம் ஏறிப்போய் ஊற்றிவிட்டு வந்தேன். இந்த ஆடிக்கு முழங்கால் விடவில்லை. டாக்டர் ஏறாதே என்றார்.

கோயில் கமிட்டித் தலைவன் இப்போது நம்ம ஏகாம்பரம். போன் செய்தான்.

“பெரிம்மா, கோச்சுக்காத. நீ அங்க கீற. இங்க பொம்பளைங்க ஆளுக்கொரு பக்கம் இஸ்துக்கினு கீறாங்க. தி.நகர்ல ஒரு காண்ட்ராக்ட் ஆளப் பேசி வெச்சிருக்கேன். தலைல தொப்பி, கைல உறை, பேப்பர் கப்பு. எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க.”

“கூழ யாரு கிண்டுவா?”

“மிஷினு.”

“மிஷினு குளிச்சிட்டு ஈரத் துணியோட வருமா?”

சின்ன வயதிலிருந்தே ஏகாம்பரம் பதில் தெரியாவிட்டால் மூக்கை உறிஞ்சுவான். உறிஞ்சினான்.

“சரி, இந்த ஒரு வருசம் நீ போன்லயே நடத்து. ஆனா ஒரு சின்னக் கொற வந்தாலும், அடுத்த வருசத்துலேந்து காண்ட்ராக்ட்தான். அப்பறம் பேசக் கூடாது. ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கிறேன். சோறு ஊட்டுன கைய மிஷினோட பந்தயம் கட்ட வெக்கிறியே, நல்லா இருடா நைனா.”

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அண்டா போனால் எனக்கு என்ன, நான் ஐந்தோவனில் கால்சட்டை போட்ட கிழவிகளோடு பஸ்ஸில் போகிறவள். தேசம்மாவும் மற்றவர்களும் தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்பார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு மிஞ்சும்.

செல்வியிடம் சொன்னேன். அவள் ஒரு மீட்டிங் நடத்துகிற முகத்தோடு கேட்டாள், “அங்க போனப் பிடிச்சுக்க ஆள் வேணும். உன் கூட்டத்துல யாருக்கு வீடியோ கால் ஒழுங்கா வரும்?” யோசித்துப் பார்த்தேன். தேசம்மா வீடியோ காலில் இதுவரை காட்டியது அவளுடைய காதைத்தான். ஆகவே செல்வி தன் தரமணிக் கட்டங்களில் ஒரு கட்டத்தைக் கேட்டாள். மயிலாப்பூர்ப் பெண், வைதேகி. திரையிலேயே என்னோடு பேசினாள்.

“நான் போறேன் மாமி. சனி ஞாயிறு ஆத்துல சும்மாதான் ஒக்காந்துண்டிருப்பேன்.”

“கருவாட்டுக் கொழம்பு கொதிக்கும்மா. உனக்கு ஆவுமா?”

“எனக்கு சைனஸ் மாமி. எந்த வாசனையும் தெரியாது. நாக்கும் பாதி செத்துதான் கெடக்கு. அதுக்கும் மேல எங்காத்துல எல்லாருக்கும் பிரஷர், அரை உப்புச் சமையல்தான்.”

கட்டுமரத்தில் துண்டு காட்ட ஆள் கேட்டேன், கண் தெரியாத ஆளை அனுப்புகிறார்களே என்று நினைத்தேன். ஆனால் போன் பிடிக்க மூக்கு எதற்கு? சரி என்றேன்.

சனிக்கிழமை அண்டா அடுப்பேறியது. அங்கே மதியம் சாய்கிற நேரம், எங்களுக்குக் காலைக் காபி. புளிக்க வைத்த கேழ்வரகு மாவைக் கரைத்து, வெந்த நொய்யில் ஊற்றிக் கிண்டிக் களியாக்கி வைப்பது அன்றைய வேலை. மறுநாள் காலை அதைக் கரைத்துக் கூழாக்குவது. சனிக்கிழமைக்குத் தேசம்மா பொறுப்பு. ஞாயிறுக்கு அமலி. அமலி அந்தோணியார் கோயில் ஆள். ஆனால் களியைக் கட்டியில்லாமல் கரைக்க அவளை விட்டால் குப்பத்தில் கை கிடையாது. முதல் பூசை பார்த்துவிட்டு நேராக அம்மன் வாசலுக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரிடமும் கேட்டால், அம்மனும் அந்தோணியாரும் மேலே ஒரே வீட்டில்தான் குடித்தனம் என்பார்கள்.

அன்றைக்குத்தான் செல்வியின் சர்டிபிகேட் எதற்கு என்று புரிந்தது. திரையில் பத்து வாய் ஒன்றாகப் பேசியது. ஒருத்தி பேச்சும் காதில் ஏறவில்லை. “தீயக் கொற” என்று நான் கத்தினால், அது கடல் மலையெல்லாம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் அவர்களே குறைத்திருப்பார்கள். என் குரலைக் கேட்டு இன்னும் குறைப்பார்கள். அடுப்பு அணையப் பார்க்கும். “அய்யோ, ஏத்துடி” என்பேன். அது போய்ச் சேரும்போது அவர்களே ஏற்றியிருப்பார்கள். கரையில் நின்றபோது நான் வாயால் எங்கே வேலை வாங்கினேன்? புருவத்தை உயர்த்துவேன், நடந்துவிடும். உள்ளங்கை அகலத் திரையில் புருவம் எந்த மூலை?

நடுவில் ஒரு கொடுமை. வெகு நேரம் நான் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருத்தியும் திரும்பவில்லை. தேசம்மா வெற்றிலை போடுகிறாள். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. மதிப்பில்லாமல் போய்விட்டது, இதற்குத்தான் கடல் தாண்டக் கூடாது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர்கள் குடும்பம், நடத்தை, பழைய கதை எதையும் விடவில்லை. என் பேத்தி மலருக்கு ஒன்பது வயது. டச்சுப் பள்ளியில் படிக்கிறவள். மெதுவாக வந்து என் கையைத் தொட்டாள்.

“ஆயா, நீ மியூட்ல இருக்கே.”

“அப்டின்னா?”

“நீ பேசறது அவங்களுக்குக் கேக்காது.”

கொட்டிவாக்கம் அம்மன்தான் அந்தக் குழந்தை உருவத்தில் வந்து என்னைக் காப்பாற்றினாள் என்று இன்றும் நம்புகிறேன். நான் சொன்னதில் பாதி கேட்டிருந்தால் கூழ் அன்றைக்கே நின்றிருக்கும்.

களி நன்றாக வந்தது. தேசம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, நாளைக்கி இன்னா பண்ணணும், சொல்லிரு. நான் காலைல கரகம் எடுக்கப் போய்டுவேன்.”

“இன்னா புதுசா சொல்றது? எல்லாம் வழக்கம் போலத்தான்.”

அமலியிடமும் தனியாக அதையே சொன்னேன். எல்லாம் வழக்கம் போல. பக்கத்தில் செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் புருவத்தை உயர்த்தினேன். அவளிடம் மட்டும் அது இன்னும் செல்லுபடியாகிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் வயலட் நிறப் பட்டுப் புடவையும் காலில் கம்பளி சாக்சுமாக உட்கார்ந்தேன். செல்வியைக் கேலி செய்த வாய் இது. வைதேகி போனைத் திறந்தாள். பந்தல், வேப்பிலைத் தோரணம், அண்டா, பம்பைச் சத்தம். ஏகாம்பரம் பெருமை தாங்காமல் போனை மைக் செட்டோடு இணைத்துவிட்டிருந்தான். நான் இருமினால் தெரு முழுக்க ஒலிபெருக்கியில் இருமியது. “வெளிநாட்ல கீற நம்ம பெரிம்மா இப்ப லைன்ல வந்துக்கினு கீறாங்க” என்று அறிவிப்பு வேறு. அப்புறம் ஒரு காரியம் செய்தான். போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, என் முகத்தைச் சுற்றி ஒரு முழச் சாமந்தி மாலையைப் போட்டான். மரியாதையாம்.

நாலு மூலைச் சட்டத்துக்குள் ஒரு கிழவி முகம், சுற்றி மாலை, முன்னால் ஊதுபத்தி. நம்மூரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

“டேய்! மாலைய எட்றா! நான் இன்னும் சாவலடா, பாவி!”

தெருவிலிருந்த அத்தனை ஒலிபெருக்கியும் அதைச் சொன்னது. பம்பைக்காரர் நிறுத்திவிட்டார். பிறகு ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், ஐந்தோவன் சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. அதிர்ந்ததும் கீழ்வீட்டு மணி அடித்தது.

கீழ்வீட்டில் ஹென்னி என்ற டச்சுக் கிழவி. என் வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பை கேட்டால் யார்தான் வர மாட்டார்கள். நைட் கவுனோடு நின்று, “ஆலஸ் ஹூத்?” என்றாள். எல்லாம் நலமா என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த டச்சு வார்த்தை ஒன்றே ஒன்று. “யா, யா” என்றேன். எட்டிப் பார்த்தாள். என் பட்டுப் புடவை தெரிந்தது, திரையோரத்தில் சாமந்தி மாலை தொங்குவது தெரிந்தது, சுற்றி ஊரே சிரிப்பது தெரிந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. “ஹெஃபெலிசிதேர்த்!” என்று கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த ஊர் வழக்கப்படி கன்னத்தில் மாற்றி மாற்றி மூன்று முத்தம் கொடுத்தாள். வாழ்த்துச் சொல்கிறாளாம். கொட்டிவாக்கத்தில் எனக்குப் படம் மாட்டிவிட்டார்கள். ஐந்தோவனில் அதற்காக முத்தம் கிடைக்கிறது. இரண்டு ஊர்க்காரர்களிடமும் விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இன்னொரு “யா” சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது மாலையை எடுத்துவிட்டு வேப்பிலை கட்டியிருந்தார்கள். அது பரவாயில்லை. அமலி கரைத்து முடித்திருந்தாள். கூழ் பட்டுப் போல விழுந்தது. ஏகாம்பரம் தன் பிளாஸ்டிக் நாற்காலியை யாரோ விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, அண்டாவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை மூட்டையின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு மூட்டையைப் பார்த்தேன். மூட்டையின் வாய் கட்டியது கட்டியபடி இருந்தது.

அது கல் உப்பு மூட்டை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மனுக்குப் படைக்கும்வரை கூழை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உப்புப் பார்க்கக் கூடாது. அதனால் உப்பு எப்போதும் என் வேலை. ஞாயிறு காலையில் கரைக்கும்போது, பேசாமல், நான்கு பேர் பார்க்காத நேரத்தில் அள்ளிப் போட்டுவிடுவேன். உப்புப் போடும்போது வாய் திறக்கக் கூடாது என்பது மாமியார் வழி. நான் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே வேலை அதுதான். ஆகவே அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. தேசம்மாவைக் கேட்டால், களியைக் கரைக்கும்போது அமலி போடுவாள் என்பாள். அமலியைக் கேட்டால், கிண்டும்போதே தேசம்மா போட்டிருப்பாள் என்பாள். வழக்கம் போல என்று சொன்னேனே, அந்த வழக்கம் ஐந்தோவனில் சாக்ஸ் போட்டு உட்கார்ந்திருந்தது.

நான் வாய் திறந்தால் மைக். “உப்பு” என்று ஒரு சொல் போதும், தெரு முழுக்கக் கேட்கும். ஏகாம்பரம் எழுந்து நின்று, “பாத்தீங்களா, இதுக்குத்தான் காண்ட்ராக்ட்” என்பான். சொல்லாவிட்டால் முதல் ஆள் குடித்ததும் அதையேதான் சொல்வான். படையல் தொடங்கிவிட்டது. படைத்த பிறகு, முதல் சட்டிக்கு ஊற்றுவதற்கு முன்னால், கொஞ்சம் இடைவெளி உண்டு. அதற்குள் உப்பு விழ வேண்டும். உப்பின் மேல் தலைவர் உட்கார்ந்திருக்கிறார்.

செல்வியின் காதில் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேற்று வாயெடுத்தது இதற்குத்தான் என்ற பார்வை. வைதேகியின் கையில் இன்னொரு போன் இருந்தது, ஆபீஸ் போன். அதற்குச் செல்வி எழுதினாள்: கூழில் உப்பு இல்லை. ஏகாம்பரம் அண்ணன் உட்கார்ந்திருப்பதுதான் உப்பு. படைத்ததும் அம்மா அவரை எழுப்புவார். நீ போட வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது.

திரையின் ஓரத்தில் வைதேகி போனைப் படிப்பது தெரிந்தது. மூட்டையைப் பார்த்தாள். ஏகாம்பரத்தைப் பார்த்தாள். பதில் வந்தது: “எவ்வளவு போடணும் மாமி? கிராம் கணக்கு சொல்லுங்கோ.”

கிராம்! என் கைக்குக் கணக்கு எங்கே தெரியும். என் கையோ இங்கே இருக்கிறது. “படைச்சாச்சுன்னா வாயில வெக்கலாம்னு எழுது. வெச்சுப் பாத்துப் போடச் சொல்லு” என்று செல்வியின் காதிலேயே சொன்னேன். மூக்கடைத்த பெண். பாதி செத்த நாக்கு. அரை உப்பு வீடு. கூழை வாழ்நாளில் குடித்ததில்லை. ஒரு குப்பத்தின் மானத்தை அந்த நாக்கில் வைக்கிறேன்.

கற்பூரம் காட்டி முடிந்தது. தெருவெல்லாம் “ஓம் சக்தி” என்றது. நான் மைக்கில் பேசினேன்.

“ஏகாம்பரம், எய்ந்து வா. கேமரா முன்னாடி நில்லு. உன்னப் பத்தி ஊருக்கு நாலு வார்த்த சொல்லணும்.”

“இப்ப எதுக்குப் பெரிம்மா?” என்றான். ஆனால் கை தானாகத் தலை வாரியது. எழுந்து வந்தான். மூட்டை விடுதலையானது.

“நல்லா பக்கத்துல வா. மூஞ்சி தெரியட்டும். எல்லாரும் இவன நல்லாப் பாருங்க.” எல்லாரும் பார்த்தார்கள். “கமிட்டித் தலைவரு. பெரிய மனுசன். இவரு அஞ்சு வயசுல இன்னா பண்ணாரு தெரியுமா? படையலுக்கு வெச்ச வாழப்பழத்த அம்மன் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்து மொத்தமும் துன்னுட்டாரு. நான் தேடிக்கினு போனா, ‘பெரிம்மா, நான் துன்னல, சாமிதான் துன்னுச்சி’ன்னாரு. வாய் பூராப் பழம்.”

“பெரிம்மா! மைக்ல!”

“மைக்லதாண்டா. அப்பறம் ராத்திரி பூரா வயித்தப் புடிச்சுக்கினு, ‘சாமிக்கு வயிறு வலிக்குது’ன்னு அழுதாரு.”

தேசம்மா கரகத்தை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் தோளுக்குப் பின்னால் மங்கலாக எல்லாம் தெரிந்தது. வைதேகி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மூட்டையின் கயிற்றைப் பல்லால் அவிழ்த்தாள். அலுமினியக் குவளையில் அள்ளினாள். அண்டாவில் போட்டாள். துடுப்பைப் பிடித்தாள், கிண்டினாள். அமலி பார்த்துவிட்டாள், வாயைப் பிளந்தாள், பிறகு ஒன்றும் கேட்காமல் இன்னொரு துடுப்பை எடுத்துக் கூடவே கிண்டினாள். வைதேகி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள். யோசித்தாள். இன்னும் கொஞ்சம் அள்ளினாள். மறுபடி நாக்கை நீட்டினாள்.

படம் நின்றுவிட்டது.

ஏகாம்பரத்தின் திறந்த வாய், பின்னால் வைதேகியின் நீட்டிய நாக்கு, அப்படியே சிலை. செல்வி வயரைப் பிடுங்கிச் செருகினாள். மலர் வைஃபை டப்பாவைத் தட்டினாள். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பேச்சை நிறுத்தினால் அவன் திரும்பிவிடுவான். நிறுத்தாவிட்டால் உப்பு அதிகமாகிவிடுமோ? போதுமா, போதாதா என்று எனக்கு எதுவும் தெரியாது. மீதிக் கதைகளும் தீர்ந்துகொண்டு வந்தன. அவன் கால்சட்டையைக் கடலில் விட்ட கதையைக்கூடச் சொல்லிவிட்டேன். அந்த உறைந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போன நாளில் புள்ளியும் தெரியாமல் போகும் ஒரு நேரம் உண்டு. கரையில் நிற்பவள் அப்போது எதையும் செய்ய முடியாது. உலை வைக்கப் போய்விட வேண்டியதுதான்.

“சரி, போதும். எல்லாருக்கும் ஊத்துங்க” என்றேன்.

படம் திரும்பியபோது முதல் சட்டி ஏகாம்பரம் கையில். தலைவருக்குத்தான் முதல் சட்டி. குடித்தான். நிறுத்தினான். சட்டிக்குள் பார்த்தான். மறுபடி குடித்தான். என் பக்கம் திரும்பினான்.

“பெரிம்மா, உப்பு...” என்றான் மைக்கில்.

நான் சாக்சைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்த வருசம்தான் உப்பு கரெக்டா கீது. வருசா வருசம் உன் கூழு உப்பு கரிக்குமே! எவனும் வாயத் தொறக்க முடியாம தண்ணி குடிச்சுக்கினே குடிப்போம்.”

“ஆமா அக்கா” என்றாள் தேசம்மா. “உன்கிட்ட எவ சொல்றது?” அமலி தலையைக் குனிந்துகொண்டாள். அது சிரிப்பென்று திரையிலேயே தெரிந்தது. தெரு முழுக்க, என் காது கேட்க, ஒலிபெருக்கியில் சிரித்தது. இத்தனை வருடம் என் முகத்துக்கு நேரே சொல்லாததைக் கடல் தாண்டியபின் சொல்கிறார்கள். எட்ட இருக்கிறவளிடம்தான் உண்மை பேச வரும் போலிருக்கிறது. இதை அந்தச் சர்டிபிகேட்டில் போடவில்லை.

இரண்டாவது சட்டி வாங்கிக்கொண்டு ஏகாம்பரம் சொன்னான், “சரி, காண்ட்ராக்ட் வேணாம். அடுத்த வருசமும் பொம்பளைங்களே பாத்துக்கட்டும்.” தேசம்மா அப்போது அழுதாளா, முகம் கழுவினாளா தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு போனுக்கு வந்தாள். மறுபடி காதைக் காட்டி, ஏகாம்பரத்துக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, அடுத்த ஆடிக்கி அந்த மைலாப்பூர்ப் பொண்ண வரச் சொல்லு. உப்பு அது கைல இருக்கட்டும். நீயும் வா. சும்மா உக்காந்து பாத்துக்கினு இரு.”

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. சும்மா உக்காந்து பாத்துக்கினு இரு என்கிறாள். ஜெயித்தது நான்தான். ஆனாலும் பட்டுப் புடவையை மடிக்கும்போது கை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது.

வைதேகி அன்றைக்கு எடுத்த ஒரு படத்தை அனுப்பினாள். அண்டாவைச் சுற்றி எல்லாரும் நிற்கிறார்கள். நடுவில் ஸ்டாண்டில் போன். அதைச் சுற்றி வேப்பிலை. உள்ளே கட்டை விரல் அளவில் நான். இன்னும் கூர்ந்து பார்த்தால் என் தலைக்குப் பின்னால் ஐந்தோவன் ஜன்னலும், அதில் மழையும், ஹென்னி காயப்போட்ட துண்டும் தெரிகின்றன. வேப்பிலை அந்தப் பக்கம், மழை இந்தப் பக்கம். நான் நடுவில் வாயைத் திறந்தபடி இருக்கிறேன். சத்தம் வருகிறதா இல்லையா என்று படத்தில் தெரியாது. செல்வி அதை ஃபிரிட்ஜில் தன் சர்டிபிகேட் பக்கத்தில் ஒட்டினாள். நானே எழுந்து போய் ஒரு விரல் உயரம் மேலே தள்ளி ஒட்டினேன்.

மலர், இங்கே வா. நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறபடி எழுத்துக் கூட்டியே இதை ஆயாவுக்குப் படித்துக் காட்டு. அவசரமில்லை. உப்பு வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள். ஏகாம்பரம் மாமாவுக்கு இன்னும் தெரியாது. அதற்கு முன்னால் அந்தப் போனைப் பார், மைக் ஆனில் இருக்கிறதா?